கடன் அட்டை அறிக்கையில் தெரியாத கடையின் பெயர்: கண்டுபிடிக்கும் முறை

மாத அறிக்கையைத் திறந்ததும், கேள்விப்பட்டே இராத ஒரு நிறுவனத்தின் பெயருக்கு நேரே ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் நிற்பதைக் கண்டால், சிலர் "எங்கேயாவது வாங்கியிருப்போம்" என்று பேசாமல் கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் பதறிப்போய் அட்டையையே முடக்கிவிட்டு, புதிய அட்டை வந்தபின் மின் கட்டணம் முதல் கைப்பேசி ரீசார்ஜ் வரை ஒவ்வொரு இடத்திலும் அதன் எண்ணை மறுபடியும் பதிந்துகொண்டு அலைகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் இரண்டுக்கும் அவசியமே இராது. அந்தப் பெயர் யாருடையது என்பதை அரைமணி நேரத்தில் வீட்டிலிருந்தபடியே கண்டுபிடித்துவிடலாம். ஆனால், தேடலைப் பெயரிலிருந்து தொடங்கக் கூடாது. அறிக்கையின் ஒரு வரியில் உள்ள விவரங்களிலேயே நம்மை அதிகம் ஏமாற்றுவது பெயர்தான்.

ஏன் ஏமாற்றுகிறது என்றால், அங்கே அச்சாவது கடையின் பெயர்ப்பலகையில் உள்ள பெயர் அன்று. அட்டை வழியாகப் பணம் பெறுவதற்காக வங்கியிடம் பதிந்துவைத்த பெயர். திரைப்பட டிக்கெட் எடுத்தது புக்மைஷோவில் என்றாலும் நிறுவனம் பிக்ட்ரீ என்டர்டெயின்மென்ட். டோமினோஸ் பீட்சாவுக்குப் பின்னால் இருப்பது ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ். குரோமா கடை இன்ஃபினிட்டி ரீடெயிலுடையது. டிமார்ட் என்பது அவென்யூ சூப்பர்மார்ட்ஸ். ரேபிடோவில் ஏறியவருக்கு ரோப்பென் டிரான்ஸ்போர்ட்டேஷன் சர்வீசஸ் என்ற பெயர் தெரிந்திருக்க வழியில்லை. இவற்றில் சில தம் வணிகப் பெயரிலேயே அறிக்கையில் வரும், சில நிறுவனப் பெயரில் வரும். பெயர் மாற்றங்கள் வேறு குழப்பத்தைக் கூட்டுகின்றன. ஸ்விக்கியை நடத்தும் நிறுவனம் 2024 வரை பண்டல் டெக்னாலஜிஸ். சொமாட்டோ நிறுவனம் 2025-இல் எட்டர்னல் என்று பெயர் மாற்றிக்கொண்டது. சிறு கடைகளில் நிலைமை இன்னும் வேடிக்கையானது. பெட்ரோல் பங்கில் இந்தியன் ஆயில் என்ற பெயர் வராமல், பங்கை நடத்தும் டீலரின் ஏஜென்சி பெயர் வரும். மளிகைக் கடைக்காரர் தம் பழைய தொழிலின் பெயரில் வாங்கிய ஸ்வைப் மெஷினையே இன்றும் வைத்திருப்பார்.

அடுத்தது, இடப் பற்றாக்குறை. அட்டைப் பரிமாற்றச் செய்தியில் கடைப் பெயருக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் இடம், அட்டை வலையமைப்பைப் (விசா, மாஸ்டர்கார்டு போன்றவை) பொறுத்து, 22 அல்லது 25 ஆங்கில எழுத்துகள்தான். நம் ஊர்க் கடைகளில் பாதி 'ஸ்ரீ வெங்கடேஸ்வரா' என்று தொடங்குபவை. இடைவெளிகளைச் சேர்த்தால் அதற்கே 17 எழுத்துகள் போய்விடுகின்றன. மீதமுள்ள எட்டில் 'எண்டர்பிரைசஸ்' என்பது 'எண்டர்பிரி' என்று பாதியில் நின்றுவிடும். அது இரும்புக் கடையா, மருந்துக் கடையா என்பது அதிலிருந்து தெரியாது. இணையத்தில் வாங்கியதானால் பெயருக்கு முன்னே ரேஸர்பே, பேயூ, பேபால் போன்ற இடைநிலைப் பணச்சேவை நிறுவனங்களின் பெயரோ அதன் சுருக்கமோ வந்து, ஒரு நட்சத்திரக் குறிக்குப் பிறகுதான் விற்றவரின் பெயர் தொடங்கும். ஆகவே நட்சத்திரத்துக்கு முன்னால் இருப்பதை விட்டுவிட்டு, பின்னால் இருப்பதைப் படிக்க வேண்டும். ஊர்ப் பெயரும் அப்படித்தான். மதுரையை விட்டு நகராதவரின் அறிக்கையில் குருகிராம் என்றோ பெங்களூரு என்றோ இருந்தால், அட்டை அங்கே பயணம் செய்ததாகப் பொருளில்லை; நிறுவனம் பதிவாகியிருக்கும் ஊர் அது.

ஆகவே முதலில் தொகையைப் பாருங்கள். சென்ற ஆண்டு என் அறிக்கையில் ரூ.1,178.82 என்று ஒரு வரி இருந்தது. பெயர் பாதியில் அறுந்த ஏதோ ஒரு டெக்னாலஜிஸ், ஊர் பெங்களூரு. பைசா வரை கணக்காக நிற்கும் தொகை பெரும்பாலும் வரி சேர்ந்த தொகை என்பதால் அதை 1.18-ஆல் வகுத்துப் பார்த்தேன். சரியாக 999 வந்தது. அதாவது 999 ரூபாய்க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறது. இதே வகையில் 588.82 என்றால் 499 ரூபாய், 352.82 என்றால் 299 ரூபாய். அதன்பின் மின்னஞ்சல் பெட்டியில் நிறுவனத்தின் பெயரைத் தேடாமல் 999 என்றும், 1178.82 என்றும், காற்புள்ளியோடு 1,178.82 என்றும் மூன்று முறை தேடினேன். மூன்றாவது தேடலில், என் மகன் முந்தைய ஆண்டு என் அட்டையைக் கொடுத்து எடுத்த மொழிப் பயிற்சிச் செயலியின் ஆண்டுப் புதுப்பிப்பு ரசீது, விளம்பர அஞ்சல்களுக்கு நடுவே கிடைத்தது. காற்புள்ளி போட்டும் போடாமலும் தேட வேண்டும் என்பதை நான் கற்றது அன்றுதான்.

இப்படித் தானாகப் புதுப்பிக்கப்படும் சந்தாக்களே தெரியாத பெயர்களில் பெரும்பகுதி. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2021 அக்டோபர் முதல், தானியங்கிப் பற்றுக்கு, அதாவது அட்டையில் தானாகப் பணம் பிடிக்கப்படுவதற்கு, 24 மணி நேரம் முன்னதாக வங்கி முன்னறிவிப்பு அனுப்ப வேண்டும், அந்த அறிவிப்பில் விற்பவரின் பெயரும் தொகையும் இருக்கும். எனவே பற்று வைக்கப்பட்ட நாளுக்கு ஓரிரு நாள் முன்பு வந்த செய்திகளைத் துழாவுங்கள். வங்கியின் செயலியில் நிலையான அனுமதிகளின் பட்டியல் ஒன்றும் இருக்கும். இன்னும் உயிரோடு இருக்கும் எல்லாச் சந்தாக்களும் அங்கே வரிசையாகத் தெரியும், வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம். கூகுள், ஆப்பிள் பெயரில் வந்த தொகைக்கு உண்மையான விற்பனையாளர் யார் என்பது அந்தந்தக் கணக்கின் வாங்கிய வரலாற்றில் கிடைக்கும். வீட்டில் யாருடைய கணக்கில் உங்கள் அட்டை சேமிக்கப்பட்டிருக்கிறதோ, அவருடைய வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

தேதியைப் படிக்கும்போது ஒரு கவனம் தேவை. நீங்கள் பொருள் வாங்கிய நாளும் கணக்கில் ஏறிய நாளும் ஒன்றல்ல; இடையில் இரண்டு மூன்று நாள் ஓடியிருக்கலாம், விடுமுறை வந்தால் இன்னும் கூடலாம். இணையத்தில் வாங்கியவை, ஆர்டர் கொடுத்த நாளில் இல்லாமல் பொருள் அனுப்பப்பட்ட நாளில் பற்றாவதும் உண்டு. ஒரே ஆர்டர் இரண்டு பொட்டலமாகப் பிரிந்து இரண்டு தொகையாக வருவதும் உண்டு. ஆகவே அந்த வரியில் உள்ள தேதிக்கு ஒரு வாரம் முன்பிருந்து நினைவுபடுத்திப் பாருங்கள். ரூபே கடன் அட்டையை யு.பி.ஐ.யோடு இணைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது: அந்த வரியில் உள்ள 12 இலக்கக் குறிப்பு எண்ணை, பணம் செலுத்திய செயலியின் வரலாற்றில் ஒப்பிட்டால், எந்தக் கடையின் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தீர்கள் என்பது தெரிந்துவிடும்.

அதன்பின் வீட்டாரைக் கேளுங்கள். கூடுதல் அட்டை வைத்திருக்கும் மனைவியையோ பிள்ளையையோ "நீ செலவழித்தாயா" என்று கேட்டால், பதில் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் வரும். "பதினான்காம் தேதி மாலை எங்கே போனோம்" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வேறாக இருக்கும். தாளில் அச்சிட்ட பில் கையில் இருந்தால், அதில் கடையின் பெயரோடு பெரும்பாலும் ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்கும். அந்த எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் இட்டால், சட்டப்படியான பெயர், வணிகப் பெயர் இரண்டும் வரும். அறிக்கையில் உள்ள பெயர் இவற்றுள் ஒன்றோடு பொருந்தினால் விசாரணை அத்தோடு முடிந்தது.

வெளிநாட்டு நாணயத்தில் வாங்கியிருந்தால், ரூபாய்த் தொகையை வைத்துத் தேடுவதில் பயனில்லை. பக்கத்தில் அச்சாகியிருக்கும் டாலர் தொகையைத் தேடுங்கள். அதோடு, பல அட்டைகளில் 3.5 சதவீத நாணய மாற்றுக் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் தனித்தனிப் பதிவுகளாக வந்து, அவையே தெரியாத செலவுகள்போல் தோற்றமளிக்கும். பெட்ரோல் கூடுதல் கட்டணம், தவணையாக மாற்றியதற்கான செயலாக்கக் கட்டணம், வட்டி ஆகியவையும் வங்கியே போடுபவை. இவற்றுக்குக் கடையைத் தேடி அலைய வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் தெரியாவிட்டால் வங்கியைக் கேட்கலாம். "இது யார்" என்று மட்டும் கேட்டால், அறிக்கையில் உள்ள பெயரையே அவர்கள் உங்களுக்கு வாசித்துக்காட்டுவார்கள். வணிக வகைக் குறியீடு என்ன என்று கேளுங்கள். அது நான்கு இலக்க எண்: 5411 என்றால் மளிகை, 5812 உணவகம், 5541 பெட்ரோல் பங்க், 5912 மருந்துக் கடை, 4121 டாக்சி. மருந்துக் கடை என்று தெரிந்தாலே பாதி நினைவு திரும்பிவிடும். பரிமாற்றத்தின் 23 இலக்கக் குறிப்பு எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விற்றவரிடம் பேசும்போது அவர்கள் தம் கணக்கில் தேட அது உதவும். வங்கியை அழைக்க அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணை மட்டுமே பயன்படுத்துங்கள். இணையத் தேடலில் கிடைக்கும் 'வாடிக்கையாளர் சேவை' எண்களில் மோசடிக்காரர்களுடையவையும் கலந்திருக்கின்றன. செலவே இல்லாத இடத்தில் புதுச் செலவை உண்டாக்கிவிடுவார்கள்.

இந்தத் தேடலுக்கெல்லாம் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை அறிக்கை வந்த நாளிலிருந்து தொடங்குவதில்லை. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் நடந்த முறைகேடான பரிமாற்றத்தை, அதுபற்றி வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு எந்த இழப்பும் இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், அட்டையின் வரம்பு ஐந்து லட்சம் வரை இருந்தால் அதிகபட்சம் ரூ.10,000-மும், அதற்கு மேலிருந்தால் ரூ.25,000-மும் உங்கள் பொறுப்பு. அதற்கும் பிந்தினால் அந்தந்த வங்கியின் கொள்கைதான். தகவல் என்பது பற்று நடந்த நொடியில் வந்த எஸ்.எம்.எஸ்.தான். அறிக்கைக்காக மாத முடிவு வரை காத்திருப்பவருக்கு இந்த நாட்கள் எப்போதோ கழிந்துபோயிருக்கும். எனவே தெரியாத பெயரில் எஸ்.எம்.எஸ். வந்த அன்றே மேற்சொன்ன தேடலைச் செய்து, மறுநாளுக்குள் விடை கிடைக்காவிட்டால் புகார் கொடுத்துவிடுங்கள். ஓ.டி.பி. கேட்காமல் வெளிநாட்டுத் தளத்தில் நடந்த பற்று, ஒன்றிரண்டு ரூபாய்ச் சோதனைப் பற்றைத் தொடர்ந்து வரும் பெரிய தொகை ஆகியவற்றில் அவ்வளவு நேரம்கூட வேண்டாம். செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் இணையப் பயன்பாட்டையும் முதலில் அணைத்துவிட்டு, உடனே வங்கியை அழைத்து, 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள்.

புகாரைத் தொலைபேசியில் சொன்னாலும் மின்னஞ்சலிலும் எழுதி, புகார் எண்ணைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பற்றைப் பற்றி நீங்கள் ஆட்சேபித்தால், அதற்கான விளக்கத்தையும் தேவையான இடத்தில் ஆவண ஆதாரத்தையும் வங்கி 30 நாட்களுக்குள் தர வேண்டும். மோசடி என்று ஆட்சேபித்த தொகைக்கு, விசாரணை முடியும்வரை எந்தக் கட்டணமும் போடக் கூடாது. ஆனால் மீதித் தொகையைக் கெடு தேதிக்குள் கட்டிவிட வேண்டும். கோபத்தில் முழு பில்லையும் நிறுத்திவைத்தால், நியாயமான செலவுகளுக்கும் வட்டி ஏறிவிடும். 30 நாட்கள் கழிந்தும் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் அதன் புகார் இணையதளம் வழியாகக் கட்டணமின்றி முறையிடலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது நீங்கள் வங்கிக்குப் புகார் அனுப்பிய தேதிதான்.