கூகுள் வரைபடத்தில் உங்கள் தொழிலைச் சரியாகப் பதிவு செய்வது எப்படி?

சிறு தொழில் நடத்துபவர்கள் விளம்பரத்துக்குப் பணம் செலவழிப்பதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை, கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் தொழிலின் விவரங்களைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்னும் இலவசப் பக்கத்தை ஒழுங்குபடுத்துவதுதான். 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று அழைக்கப்பட்ட இச்சேவையை, இப்போது தேடல் பக்கத்திலிருந்தே நிர்வகிக்கலாம்.

முதலில் உங்கள் தொழிலின் பெயரைத் தேடிப் பாருங்கள். வேறு யாரேனும் சேர்த்த பக்கம் ஏற்கெனவே இருந்தால், புதிதாக ஒன்றைத் தொடங்கிக் குழப்பத்தை உண்டாக்காமல், அதற்கே உரிமை கோரி, கூகுள் கேட்கும் முறையில் நீங்கள்தான் உரிமையாளர் என்பதை உறுதிப்படுத்துங்கள். பெயரைப் பெயர்ப்பலகையில் உள்ளபடியே எழுதுங்கள். ‘மலிவான’, ‘சிறந்த’ போன்ற சொற்களை ஒட்டினால் பக்கம் முடக்கப்படலாம்.

பலர் அலட்சியமாகக் கடந்துபோகும் இடம் தொழில் வகை. முதன்மை வகை ஒன்றும் கூடுதல் வகைகள் 9 வரையும் தரலாம். எடுத்துக்காட்டாக, சைக்கிள் கடை ஒன்றில் வருமானத்தின் பெரும்பகுதி பழுதுபார்ப்பிலிருந்து வரும்போது, ‘சைக்கிள் கடை’ என்பதை முதன்மையாக வைத்துவிட்டு, பஞ்சர் ஒட்ட ஆள் தேடுபவருக்கு நம் பெயர் தெரியவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. ‘சைக்கிள் பழுதுபார்க்கும் கடை’ என்பதே அங்கு முதன்மையாக இருக்க வேண்டும்.

விடுமுறை நாள்களுக்குச் சிறப்பு நேரத்தைத் தனியே குறிப்பிடுங்கள். வாடிக்கையாளர்களிடம் மதிப்புரை கேட்கலாம். ஆனால் அதற்கு ஈடாகத் தள்ளுபடி தருவது கூகுள் விதிகளுக்கு எதிரானது. குறைகூறும் மதிப்புரைக்கு, வாதம் செய்யாமல், என்ன சரிசெய்யப்பட்டது என்பதை மட்டும் இரண்டு வரிகளில் எழுதுங்கள். அந்தப் பதிலை அடுத்து வரப்போகும் வாடிக்கையாளரும் படிப்பார்.