அப்பாஸ்ட்ரஃபி (’) குறி எஸ்ஸுக்கு முன்னாலா, பின்னாலா?

ஆங்கிலத்தில் "யாருடையது" என்று எழுதும்போது, முதலில் உரியவரைக் குறிக்கும் சொல்லை, ஒருமையோ பன்மையோ, முழுதாக எழுதி முடியுங்கள். அதன்பிறகே அப்பாஸ்ட்ரஃபி. பன்மைக்கான எஸ் ஏற்கெனவே கடைசியில் இருந்தால் அதோடு நிறுத்துங்கள். இல்லையென்றால் ஒரு எஸ் சேருங்கள்.

குறிக்கு இடப்பக்கம் எப்போதும் முழுச் சொல்தான் நிற்கும் என்பதால் சரிபார்ப்பதும் சுலபம். லேடீஸ் ஹாஸ்டல் பலகைகளில் கடைசி எஸ்ஸுக்கு முன்னால் குறி போட்டிருப்பார்கள். அதிலிருந்து வலப்பக்கத்தை விரலால் மறைத்தால் மிஞ்சுவது எல்-ஏ-டி-ஐ-இ. அப்படி ஒரு சொல்லே கிடையாது. எனவே குறி எஸ்ஸுக்குப் பின்னால்தான் வரவேண்டும். சில்ட்ரன் பன்மைதான், ஆனால் எஸ்ஸில் முடியவில்லை. அதனால் குறி, பிறகு எஸ்.

ஹெர்ஸ், யுவர்ஸ், "அதனுடைய" என்ற பொருளில் வரும் இட்ஸ் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. அங்கே குறியே கூடாது. குறி போட்ட இட்ஸ் "இட் இஸ்" அல்லது "இட் ஹாஸ்" என்பதன் சுருக்கம். விலைப்பட்டியலில் வரும் பஃப்ஸ், ஜூசஸ் போன்ற வெறும் பன்மைக்கும் குறி வேண்டாம். ஜேம்ஸ் போன்ற பெயர்களில் குறிக்குப் பின் எஸ் சேர்ப்பதும் விடுவதும் இரண்டுமே வழக்கில் உண்டு. ஒரே கட்டுரையில் மாற்றி மாற்றி எழுதாதீர்கள்.