வீட்டுக்காரர் நோட்டீஸ் அனுப்பும் முன்

நாகர்கோவிலில் எங்கள் சித்தப்பா மாடி வீட்டைக் குடியிருக்கத்தான் கொடுத்தார். மூன்றாம் மாதமே அங்கே பெரிய அடுப்பு வைத்து நேந்திரங்காய் சிப்ஸ் பொரித்துக் கடைகளுக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். இவர் கோபத்தில் ஒரு தாளில் "உடனே காலி செய்யவும்" என்று எழுதிக் கதவிடுக்கில் சொருகிவிட்டு வந்தார், கையெழுத்துகூட இல்லை. கோர்ட்டுக்குப் போனால் அந்தத் தாளுக்கு ஒரு மதிப்பும் கிடையாது.

ஒப்பந்தம் எந்தத் தேதியில் போட்டது, அதில் எத்தனையாவது நிபந்தனை, அதை எப்போதிருந்து எப்படி மீறுகிறார்கள், எந்தத் தேதிக்குள் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் நோட்டீஸில் இருக்க வேண்டும். திட்டுவதெல்லாம் வேண்டாம், நாளைக்கு நீதிபதியும் அதைப் படிப்பார். தமிழ்நாட்டில் இப்போது நடப்பில் இருப்பது 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அதன்படி, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த பிறகும் தொடர்ந்தால்தான் அது காலி செய்யச் சொல்லக் காரணமாகும். வாடகை பாக்கி என்றால், இரண்டு மாத பாக்கியைக் கேட்டு நோட்டீஸ் கொடுத்து, அது கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதம் பொறுக்க வேண்டும். கணக்கை மாதவாரியாக எழுதுங்கள், கரண்ட் பில்லைத் தனியாகக் காட்டுங்கள்.

சரி, எப்படிக் கொடுப்பது? தபாலில் அனுப்பலாம், நேரில் அவரிடமோ வீட்டிலுள்ளவரிடமோ கொடுக்கலாம். இரண்டும் முடியாதபோதுதான் கதவில் ஒட்டுவது. பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, அதனால் கவுண்டரில் பதிவும் ஒப்புகையும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். நகலையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம், காலி செய்யச் சொன்ன கெடு முடிந்த பிறகு பழக்கதோஷத்தில் அடுத்த மாத வாடகையை வாங்கிப் போட்டீர்கள் என்றால், நோட்டீஸை நீங்களே கைவிட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார். கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ கட் பண்ணவே கூடாது, சட்டம் அதைத் தடை செய்கிறது, வழக்கு உங்கள் மேலேயே திரும்பும். கெடுவுக்குப் பிறகும் அசையவில்லையா, வாடகை நீதிமன்றத்தில் மனு போடுங்கள்.

நம்ம ஊரில் ஒத்திக்குக் கொடுத்த வீடுகளும் நிறைய. அங்கே மாத வாடகையே இல்லாததால் பாக்கி என்ற பேச்சுக்கே இடமில்லை. பத்திரத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்து அது அடமானமாகக்கூட இருக்கலாம், அதனால் வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டாமல் ஒரு வரிகூட அனுப்பாதீர்கள், திருப்பிக் கொடுக்க ஒத்திப் பணத்தையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.