ஃபாஃப்சாவும் கல்லூரிச் செலவும்: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"முதலில் பிள்ளைக்கு இடம் கிடைக்கட்டும், பணத்தை அப்புறம் பார்த்துக்கலாம்." நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன. நாம் 'அப்புறம்' என்று நினைக்கிற நேரத்தில், கணக்கில் சேரும் ஆண்டு முடிந்தே போயிருக்கும்.

மத்திய அரசின் உதவிக்கான ஃபாஃப்சா படிவம் இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமானத்தைத்தான் பார்க்கிறது. 2027 ஆகஸ்டில் கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு 2025ஆம் ஆண்டின் வரிக்கணக்கு. அதாவது பத்தாம் வகுப்பின் பின்பாதியும் பதினோராம் வகுப்பின் முன்பாதியும். அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் வீட்டு முன்பணத்துக்காகக் கம்பெனிப் பங்குகளை மொத்தமாக விற்றாலோ, ஊரில் இருக்கும் மனையை விற்று லாபத்தை இங்கே வரியில் காட்டினாலோ, அந்த ஒரு வருடம் மட்டும் வருமானம் வீங்கிவிடும். அது ஒரேயொரு தடவை வந்த பணம் என்று படிவத்துக்குத் தெரியாது. விற்றே ஆக வேண்டுமென்றால், பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும் டிசம்பருக்குள் முடித்துவிடுவது மேல்.

அடுத்தது, "நம்ம சம்பளத்துக்கு எங்கே தரப் போறாங்க" என்று படிவத்தையே தொடாமல் விடுவது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்குப் பெல் கிராண்ட் எனும், திருப்பிக் கட்ட வேண்டாத மத்திய உதவித்தொகை (2025–26இல் அதிகபட்சம் 7,395 டாலர்) பெரும்பாலும் கிடைக்காது, உண்மைதான். ஆனால் ஃபாஃப்சா போடாவிட்டால் பிள்ளையின் பெயரில் முதல் ஆண்டுக்குக் கிடைக்கும் 5,500 டாலர் மத்தியக் கடனும் கிடையாது. தங்கள் சொந்த உதவித்தொகைக்கே இதைக் கேட்கும் கல்லூரிகளும் மாநிலங்களும் உண்டு. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 2025 முதல், ஆண்டு வருமானம் 2,00,000 டாலருக்குள் இருந்து சொத்தும் அதற்கேற்ற அளவில் இருக்கும் குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. ஆக, 'நமக்கு இல்லை' என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம். படிவம் இலவசம். காசு கேட்கும் இணையதளம் எதுவானாலும் அப்படியே மூடிவிடுங்கள். வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும். கடைசித் தேதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவின் மாநில உதவித்தொகையான 'கால் கிராண்டு'க்கு மார்ச் 2.

நிரப்பும்போது நானே சறுக்கினேன். பெரியவளுக்குப் போடும்போது எங்கள் 401கே ஓய்வுக்கால சேமிப்பு முழுவதையும் 'முதலீடுகள்' கட்டத்தில் எழுதிவிட்டேன். படிவம் கணக்கிட்டுத் தரும் உதவிக் குறியீட்டெண் (அது ஏற ஏற உதவி குறையும்) எங்கோ போய் நின்றபோதுதான் உறைத்தது. ஓய்வுக்கால சேமிப்பையும் குடியிருக்கும் வீட்டையும் ஃபாஃப்சாவில் காட்டத் தேவையில்லை. திருத்தி அனுப்ப முடிந்ததால் தப்பித்தோம். ஆனால் சில தனியார் கல்லூரிகள் கூடுதலாகக் கேட்கும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் வேறு ரகம். அதில் வீட்டு மதிப்பையும் கேட்பார்கள். அதற்குக் கட்டணமும் உண்டு.

இதற்கு நேர்மாறான தவறும் நம்மிடம் உண்டு. ஊரில் வாடகைக்கு விட்ட ஃபிளாட், மனை, வங்கி வைப்பு நிதி எல்லாம் டாலர் மதிப்பில் காட்ட வேண்டியவை. "அங்கே இருக்கிறது இவங்களுக்கு எப்படித் தெரியும்" என்று கேட்பவர்களை நானும் சந்தித்திருக்கிறேன். தெரிந்தே பொய்த்தகவல் கொடுப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். அந்தப் படிவத்தில் பிள்ளையின் கையெழுத்தும் இருக்கிறது.

தாத்தா பாட்டி கொடுத்த பணத்தைப் பிள்ளை பெயரில் சேமிப்பது நமக்குப் பழக்கம். ஃபாஃப்சாவின் கணக்கில் பிள்ளையின் சொத்திலிருந்து 20 சதவீதம் செலவுக்கு எடுத்துக்கொள்ளப்படும், பெற்றோர் சொத்திலிருந்து அதிகபட்சம் 5.64 சதவீதம். 10,000 டாலர் பிள்ளை கணக்கில் கிடந்தால் 2,000, நம் கணக்கில் கிடந்தால் 564க்கு மேல் போகாது. கல்லூரிச் செலவுக்கான 529 சேமிப்புத் திட்டத்தில் போட்டால் பெற்றோர் சொத்தாகவே கொள்ளப்படும்.

இன்னொன்று, பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஃபாஃப்சாவுக்குள் நுழைய, மத்திய அரசின் ஸ்டூடண்ட் எய்ட் தளத்தில் தனித்தனிக் கணக்கு வேண்டும், தனித்தனி மின்னஞ்சலில். கணவன் மனைவி சேர்ந்து வரி தாக்கல் செய்திருந்தால் ஒருவர் உள்ளே வந்தால் போதும். வரித்தகவலை எடுத்துக்கொள்ள ஒப்புதல் தராவிட்டால் மத்திய உதவி கிடையாது.

விசா விஷயத்தில் இரண்டு பக்கமும் தப்புக்கணக்கு. பெற்றோர் எச்1பி வேலை விசாவில் இருந்தாலும் இங்கே பிறந்த பிள்ளை குடிமகன்தான், தாராளமாக விண்ணப்பிக்கலாம். கிரீன் கார்டு இருந்தாலும் சரி. அவர்களைச் சார்ந்து எச்4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு மத்திய உதவி இல்லை. ஆனால் ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் போன்றவை எந்த நாட்டுப் பிள்ளையானாலும் வசதியைப் பார்க்காமல் சேர்த்துக்கொண்டு, தேவைக்கேற்ற உதவியும் தருகின்றன. மாநிலக் கல்லூரியில் உள்ளூர்க் கட்டணம் கிடைக்குமா என்பதை அந்தந்தக் கல்லூரியிலேயே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள்.

தெரிந்தவர் சொன்ன பழைய கதையை நம்புவதிலும் ஆபத்து இருக்கிறது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஒரே சமயத்தில் படித்தால் ஃபாஃப்சாவில் கிடைத்த சலுகை 2024–25 முதல் போய்விட்டது. இன்னும் அதை நம்பித் திட்டம் போடுபவர்கள் இருக்கிறார்கள்.

பெயரைப் பார்த்துப் பட்டியல் போடுவதைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி கல்லூரிகள் மதிப்பெண்ணுக்கு உதவித்தொகை தருவதில்லை. அங்கே எல்லாமே குடும்பத்தின் தேவையைப் பொறுத்தது. அதே மதிப்பெண்ணோடு அலபாமா பல்கலைக்கழகம் போன்ற இடத்துக்குப் போனால், இந்த மதிப்பெண்ணுக்கு இவ்வளவு தொகை என்று வெளிப்படையாகவே அறிவித்திருப்பார்கள். ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் நிகர விலைக் கால்குலேட்டர் இருக்க வேண்டும் என்பது 2011இலிருந்தே சட்டம். அரை மணி நேர வேலை. அதைப் போட்டுப் பார்க்காமல் எர்லி டிசிஷனில் விண்ணப்பிப்பது, விலை கேட்காமல் நகைக்குப் பில் போடச் சொல்வது மாதிரி. இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தம் அது. மற்ற கல்லூரிகள் என்ன தருகின்றன என்று ஒப்பிட வழியே இருக்காது.

கடைசியில் உதவிக் கடிதம் வரும். நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்த கடிதம் இன்னும் நினைவிருக்கிறது. மொத்தச் செலவு 60,000. உதவித்தொகை 32,000, ஒர்க் ஸ்டடி 2,500, மாணவர் கடன் 5,500, பெற்றோர் பிளஸ் கடன் 20,000. கடைசி வரியில், கட்ட வேண்டியது: பூஜ்யம். வீட்டில் இனிப்பு வாங்கிவிட்டார்கள். பெண்தான் பென்சிலை எடுத்து, திருப்பிக் கட்ட வேண்டிய வரிகளை ஒவ்வொன்றாக அடித்தாள். ஒர்க் ஸ்டடி என்பது அவள் வேலை பார்த்துச் சம்பாதித்தால்தான் வரும் பணம், அதையும் அடித்தாள். மிஞ்சியது 32,000 மட்டும். உண்மையான விலை வருடத்துக்கு 28,000, நான்கு வருடத்துக்கு 1,12,000 டாலர். கட்டணம் ஏறினால் அது தனி.

அந்தக் கடிதமும் இறுதியானதல்ல. இடையில் வேலை போயிருந்தால், பெரிய மருத்துவச் செலவு வந்திருந்தால், நிதி உதவி அலுவலகத்துக்கு ஆதாரங்களோடு எழுதி மறுபரிசீலனை கேட்கலாம். வரிக்கணக்கிலிருந்து விலகி முடிவெடுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கெஞ்சவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். வேலைநீக்கக் கடிதம், மருத்துவமனை பில், இப்போதைய சம்பளச் சீட்டு, ஒரு பக்கத்துக்கு மிகாத விளக்கம், இவை போதும். பல கல்லூரிகளில் இடத்தை உறுதி செய்ய மே 1 கடைசி நாள் என்பதால் ஏப்ரல் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.