தோட்டத்துல புதுசா ஒரு பறவை வந்தா எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது

ஐப்பசி மழை ஆரம்பிக்கிற நேரத்துல, வீட்டுக்குப் பின்னாடி வாழை, கறிவேப்பிலை, கொஞ்சம் சருகுன்னு இருக்கிறவங்க காலைல சத்தம் போடாம ஒரு தடவை எட்டிப் பாருங்க. வடக்கேருந்து வர்ற பறவைங்க நம்ம ஊர்ல வந்து இறங்குற நேரம் இது, எனக்கு ஆறுமணிக்குருவி முதல்ல கெடைச்சது அப்படித்தான், துணி காயப்போட போனப்ப வாழைமரத்தடியில.

புதுசா ஒண்ணு தெரிஞ்சதும் எல்லாரும் போனை எடுக்க உள்ள ஓடுவோம், திரும்பி வர்றதுக்குள்ள அது போயிடும். அதனால முதல்ல அப்படியே நின்னு ஒரு நிமிஷம் பாருங்க. கலர கடைசியா பாருங்க, ஏன்னா நிழல்ல கலர் ஏமாத்தும். ஆறுமணிக்குருவிக்கு முதுகு பச்சை, றெக்கையில நீலம், வாலுக்கு அடியில நல்ல சிவப்பு, ஆனா புதருக்குள்ள நிக்கிறப்போ மங்கலா ஏதோ பழுப்பா தான் தெரியும், நானே தவிட்டுக்குருவின்னு நினைச்சு திரும்பிட்டேன்.

அப்புறம் எப்படி தெரிஞ்சதுன்னா, தவிட்டுக்குருவி கும்பலா கத்திக்கிட்டே சருகை கிளறும், இது ஒத்தையா கிளறிச்சு. அதான் முக்கியம், என்ன பண்ணுது, எங்க நிக்குது, தனியாவா கூட்டமாவா. அடுத்து சைஸ், அதுக்கு நமக்கு தெரிஞ்ச பறவைய அளவுகோலா வச்சுக்கோங்க, சிட்டுக்குருவி, மைனா, காக்கா. இது மைனாவ விட கொஞ்சம் சின்னது, வால் வெட்டி விட்ட மாதிரி குட்டை. அப்புறம் அலகு, அப்புறம் முகம். கண்ணு மேல கோடு இருக்கா, எந்த கலர்ல, இத மட்டும் விட்ராதீங்க. ஆறுமணிக்குருவிக்கு கண்ணு வழியா தடிமனா கறுப்புப் பட்டை போகும், மை பூசின மாதிரி. நீலத்தை மட்டும் பார்த்துட்டு மீன்கொத்தின்னு சொல்றவங்க உண்டு, ஆனா வெண்தொண்டை மீன்கொத்திக்கு அலகு நீளமா சிவப்பா இருக்கும், அது கம்பியில, கிளையில உக்காந்து பாக்கும், தரையில தத்தித்தத்தி சருகை புரட்டாது.

பார்த்ததை உடனே ஒரு பேப்பர்ல கிறுக்கிடுங்க, படம் கோணலா இருந்தா பரவால்ல, வாலு அலகு கோடு இருந்தா போதும். தேதியும் எழுதுங்க, ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்துலயும் மத்திய இந்தியாவுலயும் கூடு கட்டிட்டு குளிருக்குத்தான் தெற்கே, இலங்கை வரைக்கும் வருது, அதனால மாசம் தெரிஞ்சாலே, இதுவா இருக்குமோன்னு நினைக்கிற பறவைங்கள்ல பாதி கழிஞ்சுடும். மெர்லின்னு ஃப்ரீ ஆப் ஒண்ணு இருக்கு, அதுவும் இதே கேள்விதான் கேக்கும், எங்க, எப்ப, எவ்வளவு பெருசு, என்ன கலர், என்ன பண்ணிச்சு. குரலை ரெக்கார்ட் பண்ணாலும் பேர் சொல்லும், ஆனா ஆப் சொன்னதை அப்படியே எடுத்துக்காம நம்ம குறிப்போட ஒத்துப்போகுதான்னு பாருங்க.

இந்தக் குருவி விடிகாலையும் சாயங்காலமும் ரெண்டு சுரத்துல விசில் அடிக்கும், ஆறு மணி வாக்குல கேக்குறதால தான் அந்தப் பேரே. தயவுசெஞ்சு போன்ல அதோட குரலை போட்டு வெளிய வரவழைக்காதீங்க, அவ்வளவு தூரம் பறந்து களைச்சு வந்தது, இரை தேடுற நேரத்தை நம்மளால வீணாக்க வேண்டாம்.

ராத்திரில பறந்து வர்றதால சில சமயம் வெளிச்சத்துல குழம்பி வீட்டுக்குள்ள வந்துடும், இல்ல கண்ணாடியில மோதி விழும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில துணி விரிச்சு இருட்டா வைங்க, வாயில தண்ணி ஊத்தாதீங்க, தெளிஞ்சதும் பூனை, காக்கா இல்லாத புதர் பக்கமா விடுங்க. அடிபட்டிருந்தா வனத்துறைக்கு சொல்லுங்க. கூண்டுல வச்சு வளர்க்க கூடாது, 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி குத்தம்.

அப்புறம் அந்த சருகை கூட்டி எரிக்காம ஒரு மூலையில விட்டு வைங்க, புழு பூச்சி அதுல தான் இருக்கு. எங்க வீட்டுக்கு வந்தது பங்குனி வரைக்கும் அந்த மூலையிலயே இருந்துச்சு.