'யாருக்கும் நடக்கலாம்' என்று எழுதும் முன்

ஆள்கடத்தல் பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது: "பழைய அடிமைமுறை நிறம் பார்த்தது, நவீன அடிமைமுறை யாரையும் விட்டுவைப்பதில்லை." நானும் ஒரு காலத்தில் இப்படி எழுதியவன்தான். கேட்கப் பெருந்தன்மையாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆள்கடத்தலுக்கு எதிரான சட்டங்கள் பிறந்ததே நிறத்தோடுதான். 1904-இல் பாரிசில் கையெழுத்தான சர்வதேச உடன்பாட்டின் பெயரிலேயே 'வெள்ளை அடிமை வணிகம்' இருந்தது. அதே பெயரில் அமெரிக்கா 1910-இல் ஒரு சட்டம் போட்டது. அதில் சிக்கியவர் யார் தெரியுமா? ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வென்ற முதல் கறுப்பர், ஜாக் ஜான்சன். வெள்ளைக்காரப் பெண்ணோடு உறவு வைத்து, மாநில எல்லை தாண்டி அழைத்துப்போனதுதான் 'கடத்தல்'. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி 1913-இல் அவரைக் குற்றவாளி என்றது. மன்னிப்பு கிடைத்தது 2018-இல். அவர் இறந்து 72 வருடம் ஆகியிருந்தது. காப்பாற்ற வேண்டியவர் யார், கடத்தல்காரர் யார் என்ற இரண்டு முகங்களும் முன்பே வரைந்து வைக்கப்பட்டிருந்தன. ஆள்கடத்தலுக்கு எதிராக ஐ.நா. கொண்டுவந்த 2000-ஆம் ஆண்டின் பலெர்மோ நெறிமுறையிலிருந்து கதையைத் தொடங்குபவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அப்புறம் அந்த எண்ணிக்கை. "வரலாற்றிலேயே இன்றுதான் அடிமைகள் அதிகம்" என்பார்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பும் கூட்டாளிகளும் 2021-க்குச் சொன்ன மதிப்பீடு 4.96 கோடி. அதில் 2.2 கோடி பேர் கட்டாயத் திருமணத்தில் இருப்பவர்கள். அவர்கள் துயரம் சிறியதல்ல. ஆனால் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1662 முதல் தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. மனிதரைச் சொத்து என்று சட்டமே சொன்னது. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் பழைய கடன் லேசாகிவிடும். கடன் என்று சும்மா சொல்லவில்லை. 1833-இல் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது பிரிட்டன் அடிமைகளின் சொந்தக்காரர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. அதற்காக வாங்கிய கடன் முழுக்க அடைந்தது 2015-இல். நவீன அடிமைமுறைச் சட்டம் அங்கே நிறைவேறியதும் அதே வருடம்தான்.

சங்கிலி பூட்டிய கறுப்புக் கைகளின் படத்தை ஆய்வறிக்கைகளின் அட்டையில் போடுவதைப் பற்றி எழுதவே அலுப்பாக இருக்கிறது.

நம் ஊர் ஆய்வாளர்களின் தவறு வேறு மாதிரி. இனவெறி பற்றிய கோட்பாட்டை அப்படியே இறக்கி, 'இனம்' என்ற இடத்தில் 'சாதி' என்று மாற்றிவிடுகிறார்கள். இல்லையென்றால் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்ட இருளர் குடும்பங்களை 'ஏழைகள்' என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள். 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தை எடுத்து வரையறையைப் படியுங்கள். முன்பணம், பரம்பரைக் கடமை இவற்றோடு 'குறிப்பிட்ட சாதியில் பிறந்த காரணத்தால்' என்பதும் அங்கே தனியாக எழுதப்பட்டிருக்கிறது.