சில காய்களே எஞ்சும் சதுரங்க இறுதியாட்டத்தில் கணினி சொல்லும் தீர்ப்பைப் படிப்பது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் நடத்தும் சதுரங்க வகுப்புக்கு, சென்ற மாதம் பத்து வயது மாணவி ஒருத்தி தன் போட்டி ஆட்டத்தை எழுதிய தாளோடு வந்தாள். எதிராளியைவிட ஒரு மந்திரியும் (பிஷப்) ஒரு சிப்பாயும் அதிகம் வைத்திருந்தும் ஆட்டம் டிராவில் முடிந்ததை அவளால் ஏற்க முடியவில்லை. கைபேசியில் இருந்த ஒரு பழைய செயலி கடைசி வரை வெள்ளைக்கு +4 (நான்கு சிப்பாய் அளவு மேல்) என்றே காட்டியதால், வெல்லும் நகர்வைத் தவறவிட்டிருப்போம் என்று அவளும் அவள் அப்பாவும் இரவு வெகுநேரம் தேடியிருக்கிறார்கள். அந்த நிலையில் வெல்லும் நகர்வு என்று ஒன்று இல்லவே இல்லை.

நீங்களும் பலகையில் வைத்துப் பாருங்கள் (வெள்ளைப் பக்கமிருந்து பார்க்க, இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை). வெள்ளை ராஜா ஜி6, மந்திரி டி5, சிப்பாய் எச்6. கறுப்பு ராஜா எச்8. சிப்பாய் ராணியாக வேண்டிய எச்8 கறுப்புக் கட்டம். மந்திரியோ வெள்ளைக் கட்டங்களில் மட்டுமே ஓடுவது. சிப்பாயை எச்7-க்குத் தள்ளினால் கறுப்பு ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை, ஸ்டேல்மேட், அதாவது டிரா ஆகிவிடும். மந்திரியை விலக்கினால் ராஜா ஜி8-க்கும் எச்8-க்கும் மாறி மாறிப் போய்வந்து மூலையை விட மறுக்கும். இப்போது மந்திரியை டி5-லிருந்து எடுத்து இ3-ல் வையுங்கள். வெள்ளை டி4-ல் செக் வைக்க, கறுப்பு ராஜா ஜி8-க்கு ஒதுங்க, எச்7 என்று சிப்பாயே அடுத்த செக்கைக் கொடுக்க, ராஜா எஃப்8-க்குப் போனதும் புது ராணி பிறந்துவிடுகிறது. காய்க் கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். மந்திரி ஓடும் கட்டத்தின் நிறம் மட்டுமே தீர்ப்பை மாற்றுகிறது. காய்களை மட்டும் கூட்டிப் பார்க்கும் செயலிக்கு இந்த நிறம் தெரிவதில்லை.

ஆகவே, திரையில் தோன்றும் எண் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அது மதிப்பீடாக இருக்கலாம், அல்லது முழுக்கக் கணக்கிட்டு முடித்த விடையாக இருக்கலாம். ஸ்டாக்ஃபிஷ் போன்ற சதுரங்க நிரல் நகர்வுகளை ஆழமாகத் தேடி, தேடல் நிற்கும் இடத்தில் உள்ள நிலைக்கு ஒரு மதிப்பு கொடுக்கிறது. 2020-ல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து அந்த மதிப்பைத் தருவதில் நரம்பியல் வலையமைப்பு சேர்ந்தது. 2022-இன் இறுதியில் வெளியான 15.1 பதிப்பு முதல் அதன் +1 என்பது ஒரு சிப்பாய் அதிகம் என்று பொருள்படுவதில்லை. சமபலமுள்ள எதிராளியை வெல்ல ஐம்பது சதவீத வாய்ப்பு என்றே பொருள்படுகிறது. எவ்வளவு துல்லியமானாலும் இது வாய்ப்புதான்.

தேடலிலும் ஒரு குறுக்குவழி உண்டு. என் முறையை நான் விட்டுக்கொடுத்தாலும் நிலைமை நன்றாகவே இருக்கிறதா என்று சோதித்து, நன்றாக இருந்தால் அந்த நகர்வு வரிசையைக் கணினி மேற்கொண்டு தேடாமல் வெட்டிவிடுகிறது. ஆனால் இறுதியாட்டத்தில் நகராமல் இருக்க முடிந்தால் தப்பிக்கலாம், நகர்ந்தாக வேண்டியிருப்பதாலேயே தோற்கிறோம் என்ற சுக்ஸ்வாங் நிலைகள் அடிக்கடி வரும். அங்கே அந்தச் சோதனை பொய் சொல்லும். அதனால்தான் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் எஞ்சிய பக்கத்துக்கு ஸ்டாக்ஃபிஷ் இந்தக் குறுக்குவழியைப் பயன்படுத்துவதில்லை.

முடிந்த விடையைத் தருவது டேபிள்பேஸ். அது பின்னாலிருந்து முன்னால் கணக்கிடப்படுகிறது. குறிப்பிட்ட காய்களைக் கொண்டு பலகையில் வரக்கூடிய எல்லா நிலைகளையும் எழுதிக்கொண்டு, செக்மேட் ஆகிவிட்ட நிலைகளை முதலில் குறிக்கிறார்கள். அவற்றுக்கு ஒரே நகர்வில் கொண்டுசேர்க்கும் நிலைகள் வெற்றி. எந்த நகர்வு ஆடினாலும் எதிராளியின் வெற்றிக்கே போய்ச் சேரும் நிலைகள் தோல்வி. இப்படியே பின்னோக்கிப் போய், இனிக் குறிக்க எதுவும் இல்லை என்னும்போது மிஞ்சி நிற்பவை அனைத்தும் டிரா. இதில் ஊகத்துக்கு இடமே இல்லை.

இந்த முறையில் கணினி அறிவியலாளர் கென் தாம்சன் 1977-ல் ராணிக்கு எதிராக யானை (ரூக்) என்ற இறுதியாட்டத்தைக் கணக்கிட்டு முடித்தபோது, அமெரிக்க சாம்பியன் வால்டர் பிரவுன் ராணிப் பக்கம் அமர்ந்து அந்தக் கணினியோடு மோதினார். முதல் முறை 50 நகர்வுகளுக்குள் அவரால் வெல்ல முடியவில்லை. நன்றாகப் படித்துவிட்டு வந்த மறுமுறை, 50-ஆவது நகர்வில்தான் காரியத்தை முடித்தார். புத்தகங்கள் எளிது என்று சொல்லிவந்த ஓர் இறுதியாட்டம் எவ்வளவு கடினமானது என்று அன்று தெரிந்தது. வகுப்பில் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

இன்று பரவலாகப் பயன்படுவது ரொனால்ட் டி மான் உருவாக்கிய சிஸிஜி டேபிள்பேஸ். ராஜாக்களையும் சேர்த்து 7 காய்கள் வரையிலான எல்லா நிலைகளும் 2018-ல் முடிந்துவிட்டன. அவற்றின் கோப்புகள் 16 டெராபைட்டுக்கும் மேல். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. லிச்செஸ் என்ற சதுரங்க இணையதளத்தின் பலகை அமைப்பில் காய்களை வைத்து, யார் நகர வேண்டும் என்பதை மறக்காமல் தேர்ந்தெடுத்து, ஆய்வுப் பலகைக்குச் சென்று புத்தகப் படமுள்ள பொத்தானை அழுத்தினால், 7 காய்களுக்குள் இருக்கும் எந்த நிலைக்கும் ஒவ்வொரு நகர்வும் வெற்றியா, டிராவா, தோல்வியா என்று பிரித்துக் காட்டும், கட்டணம் இல்லை. மழைக்காலத்தில் கடலூரில் மின்சாரமும் இணையமும் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது என்பதால், 5 காய்கள் வரையிலான கோப்புகளை என் மடிக்கணினியிலேயே இறக்கி வைத்திருக்கிறேன். அவை ஒரு ஜிபிக்குள் அடங்கும். ஸ்டாக்ஃபிஷ் அமைப்புகளில் சிஸிஜி பாத் என்ற இடத்தில் அந்தக் கோப்புறையின் முகவரியைக் கொடுத்தால் போதும். 6 காய்களுக்குச் சுமார் 150 ஜிபி வேண்டும்.

டேபிள்பேஸ் தரும் எண்ணைத்தான் மாணவர்கள் அதிகம் தவறாகப் படிக்கிறார்கள். சிஸிஜி காட்டும் தூரம் செக்மேட்டுக்கான தூரம் அல்ல. அடுத்த காய் வெட்டு அல்லது சிப்பாய் நகர்வு வரையிலான தூரம். காய் வெட்டும் சிப்பாய் நகர்வும் இல்லாமல் இரு தரப்பும் 50 நகர்வுகள் ஆடிவிட்டால் டிரா கோரலாம் என்ற விதி இருப்பதால், அந்த எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குவதிலேயே அது குறியாக இருக்கிறது. எனவே வெற்றி உறுதியான நிலையில், நிதானமாக செக்மேட் வைக்க வழி இருக்கும்போதே ஒரு காயை வீணாகக் கொடுப்பது போன்ற நகர்வை அது மேலே காட்டக்கூடும். அந்த நகர்வில் பிழை இல்லை, ஆனால் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதும் அதுவல்ல. 5 காய்களுக்குள் என்றால் லிச்செஸ் செக்மேட் தூரத்தையும் தருகிறது; கற்பதற்கு அதைப் பாருங்கள். '50 நகர்வு விதியால் தடுக்கப்பட்ட வெற்றி' என்ற குறிப்பு தோன்றினால், பலகையில் வெற்றி இருந்தாலும் போட்டியில் அது டிராதான். 7 காய்களில் 549 நகர்வுகளில் செக்மேட் ஆகும் நிலைகூடக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அதை எந்த மனிதராலும் ஆட முடியாது.

காய்கள் 7-க்கு மேல் இருந்தால் மறுபடியும் மதிப்பீட்டைத்தான் நம்ப வேண்டியிருக்கும். அங்கே எதிராளி உள்ளே நுழைய முடியாதபடி அடைத்து நிற்கும் 'கோட்டை' நிலைகளில் எச்சரிக்கை தேவை. இரு தரப்புச் சிப்பாய்களும் பலகையின் குறுக்கே ஒன்றையொன்று முட்டி நின்று வழியடைத்துவிட்டால், ஒரு யானையே அதிகம் இருந்தாலும் உள்ளே நுழைய வாசல் கிடைக்காது. கணினியோ பெரிய எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். இதைச் சோதிக்க, அதன் முதல் பரிந்துரையை இரு பக்கமும் இருபது நகர்வுகள் ஆடிப் பாருங்கள். உண்மையான வெற்றி என்றால் எண் ஏறும், காய்கள் இடம் பிடிக்கும். எண் அங்கேயே நின்றாலோ மெல்ல இறங்கினாலோ, அது கோட்டை என்று சந்தேகியுங்கள்.

வீட்டில் பழகுவதற்கு இரண்டு நிலைகள் தருகிறேன். முதலாவது: வெள்ளை ராஜா இ5, சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ7. வெள்ளை நகர வேண்டும் என்று வைத்தால் டிரா, கறுப்பு நகர வேண்டும் என்று மாற்றினால் வெள்ளைக்கு வெற்றி. ஸ்டாக்ஃபிஷைத் தொடாமல், டேபிள்பேஸில் முறையை மட்டும் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

இரண்டாவது, சதுரங்க வீரர் ரிச்சர்ட் ரேட்டி 1921-ல் அமைத்தது: வெள்ளை ராஜா எச்8, சிப்பாய் சி6, கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5, வெள்ளை நகர்ந்து டிரா செய்ய வேண்டும். பொத்தானை அழுத்துமுன் உங்கள் விடையைத் தாளில் எழுதுங்கள். ராஜா ஜி7-க்குப் போவது ஒன்றே தோல்வியைத் தடுக்கும். கறுப்பு எச்4 என்றதும் எஃப்6. அடுத்து கறுப்பு எச்3 என்றால் ராஜா இ6 அல்லது இ7-க்குத் தன் சிப்பாயைக் காக்கப் போகிறது, கறுப்பு ராஜா பி6-க்கு வந்தால் இ5-ல் நின்று இரண்டு பக்கமும் பார்க்கிறது. பிறகு டேபிள்பேஸை மூடிவிட்டு, ஸ்டாக்ஃபிஷைக் கறுப்புப் பக்கம் வைத்து, மூன்று முறை தொடர்ந்து டிரா வரும் வரை ஆடுங்கள்.